தும்பா தேவாலயமும் எங்கள் கட்டுரைக் கொப்பிகளும்

ஒவ்வொரு வருடமும் இரண்டாம் தவணையில் பத்தாந்தரப் பிள்ளைகளுக்கு ‘நான் மதிக்கும் பெரியார்’ என்று ஒரு கட்டுரை கொடுப்பேன். இருபது வருடமளவில் இந்தக் கொப்பிகளைத் திருத்தி வருகிறேன். அவற்றில் அதிகமாக வரும் பெயர் மர்ஹூம் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். வருகிற கட்டுரையும் ஏறத்தாழ ஒன்றேதான். இராமேஸ்வரத்தில் பிறந்தார், பத்திரிகை போட்டார், கனவு கண்டார், இந்தியாவின் ஜனாதிபதியானார், மாணவர்களுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே மௌத்தானார். பத்திரிகை போட்டதற்கும் ஜனாதிபதியானதற்கும் இடையில் அறுபது வருடம் இருக்கிறது. அந்த அறுபது வருடமும் ‘கனவு கண்டார்’ என்ற இரண்டு சொல்லுக்குள் முடிந்துவிடும். தும்பா என்ற ஊரின் பெயரை எழுதிய ஒரு பிள்ளையைக்கூட நான் கண்டதில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? பரிசளிப்பு விழாக்களில் பேசுகிற பெரியவர்கள் நாங்களும் இதைத்தான் சொல்கிறோம். கலாமைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டோம். ஒரு ரொக்கட் பொறியியலாளர் எப்படி உருவாகிறார், காலையில் வேலைக்குப் போய் என்ன செய்கிறார், பிழைத்துப்போனால் யார் தாங்குகிறார்கள் என்பதைக் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த நடுப்பகுதியைப் பற்றியது.

முதலில் அந்தப் பத்திரிகைக் கதை. அது ஓரளவு எங்கள் கதையும்கூட. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். தனுஷ்கோடிக்குப் போகும் ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை ஓடும்போதே வெளியில் எறிவார்கள். அவற்றைப் பொறுக்கிக் கொடுக்கும் வேலைதான் உறவினர் சம்சுதீனிடம் கலாமுக்குக் கிடைத்த முதல் வேலை. அந்தத் தனுஷ்கோடிதான் கொழும்புக்கு வருகிறவர்கள் கப்பலேறிய துறை. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கோட்டைவரை மறுபடி கோச்சி. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சொந்தக்காரர்கள் உள்ள கொழும்புக் குடும்பங்களில் மூத்தவர்கள் இந்தப் பயணத்தை இன்றும் கதைப்பார்கள். 1964 டிசெம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்த நேரம் கலாம் தும்பாவில் இருந்தார்.

தும்பாவுக்கு அவர் நேராகப் போகவில்லை. திருச்சி சென் ஜோசப் கல்லூரியில் பௌதிகவியல் படித்து முடிக்கும் நேரத்தில்தான் தனக்கு வேண்டியது பொறியியல் என்று அவருக்கு விளங்கியது. சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது, கட்டணத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவை. ராத்தா ஸொஹ்ரா தன்னுடைய தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். படித்தபின் விமானப்படையில் விமானியாக விண்ணப்பித்தார். எட்டுப் பேரை எடுத்தார்கள், இவர் ஒன்பதாவது. 1958இல் டெல்லியில் பாதுகாப்பு அமைச்சின் ஒரு தொழில்நுட்பப் பிரிவில் மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். பிறகு பெங்களூரில் ‘நந்தி’ என்ற பெயரில், நிலத்துக்குச் சற்று மேலே மிதந்து ஓடும் ஒரு வண்டியைச் செய்தார். வண்டி ஓடியது. அதை ஆதரித்த அமைச்சர் கிருஷ்ண மேனன் 1962இல் பதவி விலகியதும் திட்டம் படுத்துவிட்டது. வயது முப்பத்தொன்று, கையில் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் இந்த இடத்தில்தான் வீட்டார் ‘சவூதிக்குப் போ’ என்பார்கள்.

அந்த வண்டியைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் பேராசிரியர் எம்.ஜி.கே. மேனன். கொஞ்ச நாளில் பம்பாயிலிருந்து நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. கேள்வி கேட்டவர்களில் விக்ரம் சாராபாய் இருந்தார். 1962இல் இந்தியா தொடங்கியிருந்த விண்வெளி ஆய்வுக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். ரொக்கட் என்றால் என்னவென்று தெரிந்த ஆட்கள் அந்த நாட்டில் அப்போது இல்லை, ஆகவே தெரியாதவர்களையே எடுத்துப் பழக்கினார்கள். கலாமையும் இன்னும் சிலரையும் அமெரிக்காவில் நாஸாவுக்கு அனுப்பினார்கள். லாங்லி, கொடார்ட், கடைசியாக வர்ஜீனியா மாநிலக் கரையோரத்திலுள்ள வொலொப்ஸ் தீவு என்று ஆறு மாதம். வளிமண்டலத்தின் மேலடுக்கை ஆராயும் சின்ன ரொக்கட்டுகளை ஏவுவதெப்படி என்பதுதான் பாடம்.

வொலொப்ஸ் வரவேற்பு மண்டபத்தில் ஓர் ஓவியம் தொங்கியது. வெள்ளைக்காரப் படைக்கு எதிராக ரொக்கட் ஏவும் கருத்த நிறப் போர்வீரர்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் திப்பு சுல்தானின் படை. இதைக் கலாமே எழுதியிருக்கிறார். எங்கள் மேடைகளில் இது அடிக்கடி வரும், கைதட்டலும் விழும். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் திப்புவின் ரொக்கட் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. இரும்புக் குழாயில் மருந்து அடைத்த மைசூர் ரொக்கட்டுகள் 1780இல் காஞ்சிபுரத்துக்குக் கிட்டப் பொள்ளிலூரில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகளைக் கொளுத்தின. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு ஷஹீதானார். ரொக்கட்டுகளை வெள்ளைக்காரன் லண்டன் வூல்விச்சுக்குக் கொண்டுபோனான். அங்கே வில்லியம் கொங்கிரீவ் அவற்றை ஆராய்ந்து திருத்திக் கட்டிய ரொக்கட்டுகள் சில வருடங்களிலேயே ஐரோப்பிய யுத்தங்களில் பறந்தன. மைசூரில் அந்தத் தொழில் தெரிந்த கைவினைஞர்களின் வேலை அரசோடு போய்விட்டது. பட்டறையை இழந்த அறிவு ஒரு தலைமுறைக்குமேல் நிற்கவில்லை. கலாம் அந்த ஓவியத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டார், திரும்பிப் போனார். திரும்பிப்போக அவருக்கு ஒரு பட்டறை இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் நாட்டுக்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம், லண்டனில் இரசாயனவியல், கலிபோர்னியாவில் கலாநிதிப் பட்டம் என்று போய், கலாம் பயிற்சிக்குப் போன அதே 1963இல் நாஸாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். உயிர் எப்படித் தோன்றியது என்பதுதான் அவருடைய கேள்வி. அப்பலோ பயணிகள் கொண்டுவந்த நிலவு மண்ணை ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர். 1969இல் அவுஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை அவருடைய குழு காட்டியபோது உலகம் திரும்பிப் பார்த்தது. படிப்பையும் உலகப் புகழையும் வைத்துப் பார்த்தால் அந்த நாளைய கலாமைவிட அவர் எத்தனையோ படி மேல். ஆனால் இலங்கையில் அவருக்கு ஒரு தும்பா இருக்கவில்லை. 1984இல்தான் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகக் கண்டிக்கு வந்தார். அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. திறமைக்கு இந்தத் தீவில் ஒருநாளும் பஞ்சமில்லை.

தும்பா திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன்பிடிக் கிராமம். கொழும்பிலிருந்து நேர்கோட்டில் நானூறு கிலோமீற்றர்கூட இல்லை. பூமியின் காந்த நடுக்கோடு அதற்குக் கிட்டப் போகிறது, அதற்கு மேலே நூறு கிலோமீற்றர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய அதைவிட நல்ல இடமில்லை. ஆனால் விஞ்ஞானிகள் விரும்பிய நிலத்தில் புனித மரிய மக்தலேனா தேவாலயமும் மீனவர்களின் குடிசைகளும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னாட் பெரேராவிடம் சாராபாய் போய்க் கேட்டார். ஞாயிறு பூசையில் ஆயர் அதைச் சபையாரிடம் சொன்னார், அவர்கள் சம்மதித்தார்கள். இதையும் கலாம் பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். தேவாலயத்தின் வழிபாட்டு அறை கலாமின் முதல் ஆய்வுகூடம். ஆயரின் அறையில் வரைபட மேசை. கூரையில் புறா. மரைக்காயர் வீட்டுப் பிள்ளை ஒருவர் கிறிஸ்தவ தேவாலயத்தில் இருந்து ரொக்கட் பூட்டினார். அந்தக் கட்டடம் இன்றும் விண்வெளி நூதனசாலையாக நிற்கிறது.

1963 நவம்பர் 21ஆம் திகதி மாலை அங்கிருந்து முதல் ரொக்கட் போனது. நைக்-அப்பாச்சி, அமெரிக்காவில் செய்தது. கலாமுக்கு ரொக்கட்டைப் பூட்டுவதும் பாதுகாப்பும் பொறுப்பு. ஈஸ்வரதாஸ், அரவமுதன் என்ற இரண்டு கூட்டாளிகள் மற்ற வேலைகளைப் பார்த்தார்கள். ஏவு மேடைக்குக் கொண்டுபோய்த் தூக்கும் நேரத்தில் பாரந்தூக்கியில் எண்ணெய் ஒழுகி அது வேலை செய்யாமல் போனது. எல்லோரும் சேர்ந்து கையாலேயே தூக்கி வைத்தார்கள். ரொக்கட்டின் பாகங்களைச் சைக்கிளில் கொண்டுபோகும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள், அது தும்பாதான். பொடியன்மார் திருவனந்தபுரத்தில் லொட்ஜில் தங்கி, பஸ்ஸில் வேலைக்கு வந்து போனார்கள்.

பிறகு வந்தது பதினேழு வருட உழைப்பு. செய்மதி ஒன்றைச் சுற்றுப்பாதையில் வைக்கக்கூடிய சொந்த ரொக்கட் வேண்டும் என்று சாராபாய் முடிவு செய்து, நாலு அடுக்கை நாலு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார். கோவாரிகர், குரூப், முத்துநாயகம் ஆகியோர் மூன்று அடுக்கு, கலாம் நாலாவது. 1971 டிசெம்பர் 30ஆம் திகதி சாராபாய் திடீரென்று இறந்தார். பின்வந்த சதீஷ் தவான் முழுத் திட்டத்தையும் கலாமிடம் கொடுத்தார். எஸ்.எல்.வி.-3: உயரம் 22 மீற்றர், எடை 17 தொன், மேலே கொண்டுபோக வேண்டியது 40 கிலோகிராம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஒவ்வொரு வால்வையும், ஒவ்வொரு எரிபொருள் கலவையையும், வெப்பம் தாங்கும் ஒவ்வொரு துண்டையும் முதல்முறையாகச் செய்ய வேண்டியிருந்தது. அந்த வருடங்களிலேயே மச்சான் ஜலாலுதீன், வாப்பா, உம்மா மூவரையும் கலாம் இழந்தார். ஜனாஸாவுக்குப் போய் வந்து மறுபடி வேலையில் நின்றார்.

1979 ஒகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் கணினி ஏவுதலை இடைநிறுத்தியது. நிபுணர்கள் ‘பரவாயில்லை, போகலாம்’ என்றார்கள். கலாம் கணினியை மீறி ஏவினார். முதலாவது அடுக்கு ஒழுங்காக எரிந்தது, இரண்டாவது கட்டுப்பாட்டை இழந்தது. வால்வு ஒன்று மூடாமல் அமிலம் ஒழுகிவிட்டது. வங்காள விரிகுடாவில் எல்லாம் போய் விழுந்தது. அன்று பத்திரிகையாளர்களுக்கு முன்னால் போய் நின்றவர் தவான். பொறுப்பு என்னுடையது, என் ஆட்கள் இதைச் செய்து முடிப்பார்கள் என்றார். 1980 ஜூலை 18இல் அதே ரொக்கட் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செய்மதியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்று தவான் பின்னால் நின்று, நீ போய்ப் பேசு என்று கலாமை அனுப்பினார். மேடைக்கு மேடை கலாம் இந்தக் கதையைச் சொல்லி வந்தார். ஓர் அதிபருக்குக் கீழ் வேலை செய்கிற எவருக்கும் இது விளங்கும். கலாமின் கனவைப் பற்றி எழுதுகிற பிள்ளைகள் தவானின் பெயரையும் ஒருமுறை எழுதினால் நல்லது.

1982இல் கலாம் விண்வெளித் துறையை விட்டு ஹைதராபாத்துக்கு ஏவுகணை செய்யப் போனார். அக்னியும் பிரித்வியும், பிறகு 1998 பொக்ரானும் அந்தக் கணக்கில் வரும். யுத்தத்துக்குள் வளர்ந்த இலங்கைக்காரி எனக்கு அந்தப் பகுதியில் கைதட்ட மனம் வருவதில்லை. அவர் தொழுகையில் எப்படி, கீதை படித்தாரா என்று எங்களுக்குள் நடக்கும் வாதத்திலும் எனக்கு விருப்பமில்லை, அது அவருக்கும் ரப்புக்கும் இடையிலானது. 2012 ஜனவரியில் மும்மொழித் திட்டத் தொடக்கத்துக்காகக் கொழும்புக்கு வந்தவர் யாழ்ப்பாணத்திலும் மாணவர்களோடு பேசினார்.

அந்த நிறுவனத்தில் எல்லோருக்கும் ஒரு தவான் கிடைக்கவில்லை. நாகர்கோவிலைச் சேர்ந்த நம்பி நாராயணன் தும்பாவில் கலாமோடு வேலை செய்தவர். பிரெஞ்சுக்காரரிடம் பழகிவந்து ‘விகாஸ்’ என்ற திரவ எரிபொருள் இயந்திரத்தை உருவாக்கிய குழுவின் தலைவர். இன்றும் இந்தியாவின் பெரிய ரொக்கட்டுகளில் அந்த இயந்திரம்தான் எரிகிறது. ரொக்கட் இரகசியத்தைப் பாகிஸ்தானுக்கு விற்றார் என்று 1994 நவம்பர் 30ஆம் திகதி கேரளப் பொலிஸ் அவரைப் பிடித்தது. 50 நாள் சிறை. 1996இல் மத்திய புலனாய்வுப் பிரிவு இதில் உண்மையில்லை என்றது, 1998இல் உச்ச நீதிமன்றமும் வழக்கை முடித்தது. 2018இல்தான் 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அதற்குள் அவருடைய வேலைக்காலம் முடிந்துவிட்டது. இந்தக் கதை திரைப்படமாகவும் வந்ததால் பலருக்குத் தெரியும். ஆனால் அந்த வழக்கின் தொடக்கம் மர்யம் ரஷீதா, பௌஸியா ஹசன் என்ற மாலைதீவுப் பெண்கள் இருவர். இந்தியாவிலே மூன்று வருடமளவில் சிறையிலிருந்தார்கள். நிரபராதிகள் என்று ஆன பிறகும் அவர்களைப் பற்றிப் பேச ஆளில்லை. பௌஸியா 2022இல் எங்கள் இலங்கையில்தான் வபாத்தானார்.

பிந்திய காலத்தில் அந்த நிறுவனத்தில் தமிழ்ப் பெயர்கள் நிறைய. சந்திரயான்-1க்கு மயில்சாமி அண்ணாதுரை, 2023 ஒகஸ்ட் 23இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3க்கு விழுப்புரத்து வீரமுத்துவேல். எனக்கு முக்கியமாகப்படுகிறவர் நிகார் ஷாஜி. தென்காசிப் பக்கம் செங்கோட்டையில் ஷேக் மீரான், ஸைத்தூன் பீவி தம்பதியின் மகள். வாப்பா கணிதம் படித்துவிட்டு விவசாயம் செய்தவர். ஊர் அரசாங்கப் பெண்கள் பாடசாலை, திருநெல்வேலி அரசாங்கப் பொறியியல் கல்லூரி, ராஞ்சியில் மேற்படிப்பு, 1987இல் இஸ்ரோ. முதலில் ஸ்ரீஹரிகோட்டா, பிறகு பெங்களூரில் செய்மதிகள் கட்டும் நிலையம். பூமியைப் படம் எடுக்கும் செய்மதி ஒன்றில் இணைத் திட்டப் பணிப்பாளர். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தின் பணிப்பாளராக அவரை உலகம் கண்டது 2023 செப்டெம்பர் 2இல். பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்துக்குப் போய், 2024 ஜனவரி 6இல் அந்த விண்கலம் தன் இடத்தைப் பிடித்தது. சேர்ந்த நாளிலிருந்து முப்பத்தாறு வருடம். அதில் முப்பத்தைந்து வருடம் அவருடைய பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் பிள்ளைகளில் கணிதத்தில் ‘ஏ’ எடுத்த பெண் பிள்ளை உயர்தரத்துக்கு வரும்போது என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் தமிழ் மொழிமூலப் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் இரண்டு வருடம் போனது. பிள்ளைகள் வர்த்தகப் பிரிவுக்கும் கலைப் பிரிவுக்கும் மாறினார்கள். கலைப் பிரிவுக்கு வந்தவர்களுக்கு நான் தமிழ் படிப்பித்தேன். நல்ல மாணவிகள்தான். அவர்கள் என் வகுப்பில் இருந்ததே ஒரு நட்டம் என்று அப்போது நினைத்திருக்கிறேன்.

இலங்கையும் ஒரு செய்மதி அனுப்பியது. ராவணா-1. எடை ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தின் ஊடாக ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்துக்குப் போன தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா விதானகே என்ற இரண்டு இளம் பொறியியலாளர்கள் கட்டியது. பெயரைப் பற்றிய வாதம் இருக்கட்டும். அது புறப்பட்ட இடம் வொலொப்ஸ் தீவு. கலாம் ஓவியத்தைப் பார்த்த அதே கரை. திகதி 2019 ஏப்ரல் 17.

நாலு நாளில் ஏப்ரல் 21 வந்தது. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம். செய்மதியைப் பற்றிக் கதைக்க ஒருவரும் மிஞ்சவில்லை. அது சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்ட ஜூன் 17இல், பர்தாவோடு பஸ் ஏற எங்கள் பெண்கள் பயந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் இரண்டாம் தவணை பிந்தித்தான் தொடங்கியது. கட்டுரைத் தலைப்பைக் கொடுக்குமுன் முதல்முறையாகத் தும்பா தேவாலயத்தின் கதையை வகுப்பில் சொன்னேன். ஆயர் கேட்டார், மீனவர்கள் கொடுத்தார்கள், உள்ளே ஒரு முஸ்லிம் வேலை செய்தார் என்று. வகுப்பில் சத்தமில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற ஒரு பிள்ளை எழும்பி, “எங்கட பள்ளியக் கேட்டா நாங்க குடுப்போமா டீச்சர்?” என்றாள். வக்பு சொத்தை அப்படிக் கொடுக்க ஏலாது, அதற்குச் சட்டம் இருக்கிறது என்று சொன்னேன். “எங்கட பள்ளிட மேல்மாடி ஹோல் சும்மாதானே ஈக்கிது” என்றாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பள்ளி நிர்வாகத்திடம் போய்க் கேட்டேன், சனிக்கிழமைகளில் உயர்தரக் கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அந்த மேல்மாடியைத் தரலாமா என்று. கூட்டத்தில் பேசுகிறோம் என்றார்கள். அடுத்த வருடம் கொரோனா, பிறகு பெற்றோல் வரிசை. போன வருடம் மறுபடி போனேன். அஸருக்கு முன் இரண்டு மணித்தியாலம் தந்திருக்கிறார்கள், மின்விசிறியும் போட்டிருக்கிறார்கள். இணைந்த கணிதத்துக்கு வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர் வருகிறார், பஸ் காசுகூட வாங்க மறுக்கிறார். தமிழில் பௌதிகவியல் படிப்பிக்க இன்னும் ஒருவரும் கிடைக்கவில்லை.